தலைக்கு மேலே ஒரு துணி (லேண்ட் ரோவரும் சத்தத்தின் சரித்திரமும்)

ஐப்பசி மழையில் தகரக் கொட்டகைக்குள்ளே நின்னு பேசிப் பார்த்திருக்கீங்களா? பக்கத்துல இருக்கிறவர் வாய் அசையும், பேச்சு காதுக்கு வராது. பழைய லேண்ட் ரோவரில் போவது கிட்டத்தட்ட அதே அனுபவம்தான். மழைகூடத் தேவையில்லை. எஞ்சின், கியர், டயர், காற்று எல்லாம் சேர்ந்து அந்தத் தகரத்தை விடாமல் தட்டிக்கொண்டே வரும்.

இந்த வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் ஆசைப்பட்டுச் செய்யும் வேலைகளில் ஒன்று, உள்கூரைத் துணியை (நம்ம கடைக்காரர் பாஷையில் ரூஃப் லைனிங்) மாற்றுவது. அப்படியே தரை, கதவு, கூரை எல்லாவற்றிலும் சத்தத்தை அடக்கும் ஷீட் ஒட்டுவது. சீட் கவர் கடைச் சமாச்சாரம்தானேன்னுதான் நானும் நினைச்சேன். தோண்டிப் பார்த்தா உள்ளே உலகப்போர், வரி ஏய்ப்பு (சரி, வரி தவிர்ப்பு), டிராக்டர் ஓட்டிகளின் காது, ஜெர்மன் வேதியியல்னு ஏகப்பட்ட கதை கிடக்கு. அதைத்தான் எழுதப் போறேன். நீளமான பதிவு, டீ போட்டு வச்சுக்கோங்க.

கூரையே இல்லாத காலம்

முதலில் ஜீப். 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. கூரைன்னு சொன்னா ஒரு கேன்வாஸ் துணி. கதவு கிடையாது. சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட ஆளும் கிடையாது, குண்டு விழுகிற இடத்தில் கியர் சத்தம் யார் காதில் விழும்?

போர் முடிந்ததும் உபரி ஜீப்புகள் சல்லிசாகக் கிடைத்தன. அதில் ஒன்று வேல்ஸில் ஆங்கிள்சி தீவில் இருந்த மாரிஸ் வில்க்ஸின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. வில்க்ஸ் சாதாரண ஆள் இல்லை. ரோவர் கார் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ் அதே கம்பெனியின் நிர்வாக இயக்குநர். ஜீப் பழசாகிப்போனால் வேறு எதை வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகம். இரண்டு அச்சுக்கும் இடையே 80 அங்குலம், ஜீப்புக்கு இருந்த அதே அளவு.

அந்த நேரத்தில் பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குப் பங்கீடு. ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் கோட்டா. அதனால் உடம்பை பிர்மாப்ரைட் என்ற அலுமினிய மக்னீசியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். துரு பிடிக்காது, கையால் வளைக்கலாம், எடையும் கம்மி. எல்லாம் நல்லதுதான். ஆனால் சத்தத்தின் கணக்கு வேறு. ஒரு தகடு எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும் என்பது முக்கியமாக அதன் எடையைப் பொறுத்தது. எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆக, எந்த குணத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தார்களோ அதே குணம் எஞ்சின் சத்தத்தை உள்ளே விட்டது.

வரி அதிகாரி பிடுங்கின லைனிங்

இங்கேதான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது.

1948லேயே ரோவர் ஒரு சொகுசு லேண்ட் ரோவரையும் கொண்டுவந்தது. நியூபோர்ட் பாக்னெல் ஊரில் இருந்த டிக்ஃபோர்ட் என்ற பெயர்பெற்ற பாடி கட்டும் பட்டறை, மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தி ஏழு பேர் உட்காரும் ஸ்டேஷன் வேகனாக அதைக் கட்டியது. நம்ம ஊர்ல பஸ் பாடி கட்டுற மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

ஆனால் பிரிட்டிஷ் சட்டப்படி சாதா லேண்ட் ரோவர் ஒரு வேலை வண்டி, அதற்குக் கொள்முதல் வரி கிடையாது. ஸ்டேஷன் வேகன் என்றால் அது கார், வரி உண்டு. விலை எகிறியது. வாங்க ஆளில்லை. 1951ல் கதை முடிந்தது. மொத்தம் கட்டப்பட்டது 700க்கும் குறைவு.

வெற்றுத் தகரம் என்றால் உழைப்பாளி, ஜன்னலும் மெத்தையும் வைத்தால் பணக்காரன். இப்படித்தான் வரிப்புத்தகம் பிரித்தது. லேண்ட் ரோவர் முரட்டுத்தனமாக இருந்ததற்குப் பொறியாளர்கள் மட்டும் காரணம் இல்லை, வரி அதிகாரிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

இதற்கு இன்னொரு சாட்சி, 1962ல் வந்த 12 பேர் உட்காரும் 109 அங்குல ஸ்டேஷன் வேகன். பின்னால் எதிரெதிர் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்கத்தான் உட்காரணும். ஏன் 12 பேர்? அத்தனை இருக்கை இருந்தால் அது சட்டப்படி பஸ், வரி கிடையாது! வரி தப்புறதுக்காகவே வாங்கினவங்க உண்டு. அந்தக் கொள்முதல் வரி 1973ல் ஒழிந்து வாட் வரி வந்தது.

இடையில் 1954ல் ரோவரே சொந்தமாக 86 அங்குல ஸ்டேஷன் வேகன் செய்தது. இந்த முறை மரம் இல்லை, அலுமினியப் பலகங்களை போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரைக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தகடு வைத்தார்கள். டிராப்பிக்கல் ரூஃப் என்று பெயர். மேல் தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும், கீழ்த் தகடு அவ்வளவு சூடாகாது. ஓட்டு வீட்டுக்கு மேலே கீற்றுப் பந்தல் போடுற அதே யுக்தி. உள்பக்கம் லைனிங்கும் வந்தது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது இந்த ரக வண்டிகள் இரண்டில்தான். ஆறு மாதம் அந்தச் சத்தத்துக்குள்! இளமைக் காது, தாங்கியிருக்கும்.

உயிரைக் காத்த கூண்டு, காதைத் தின்ற கதை

லேண்ட் ரோவர் பிறந்தது வயலுக்காக. அதே வயலில் ஓடிய டிராக்டருக்கு நடந்ததையும் சொன்னால்தான் இந்தச் சரித்திரம் முழுமையாகும்.

பிரிட்டனில் டிராக்டர் கவிழ்ந்து நசுங்கிச் சாகிற விவசாயிகள் அதிகம். அதனால் 1970ல் புது டிராக்டர்களுக்குப் பாதுகாப்புக் கூண்டு கட்டாயம் என்று சட்டம் வந்தது. உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்த இரும்புக் கூண்டு பல டிராக்டர்களில் ஒரு பறை மாதிரி வேலை செய்தது. திறந்த வெளியில் கலைந்து போயிருக்க வேண்டிய டீசல் சத்தம் மொத்தமும் கூண்டுக்குள் முழங்கி ஓட்டுகிறவர் காதில் இறங்கியது. நாள் முழுக்க அதுக்குள்ளே உட்கார்ந்து உழுதால் என்ன ஆகும்? காது மந்தம்தான். உள்காதில் சத்தத்தை உணரும் நுண்ணிய மயிர்செல்கள் ஒரு தடவை செத்தால் மறுபடி முளைக்காது. அது வலிக்காமல் போகிற நஷ்டம் என்பதால், பேரப்பிள்ளை கூப்பிடுவது கேட்காமல் போகும்போதுதான் தெரியவரும்.

1976ல் அடுத்த சட்டம்: ஓட்டுநர் காதருகே 90 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. அமைதியான கூண்டு என்ற பொருளில் க்யூ கேப் என்று அதற்குப் பெயரே வந்தது. மெத்து மெத்தென்ற உள்கூரை, தரையில் கனமான ரப்பர் பாய், ஓட்டைகளை அடைக்கும் சீல். டிராக்டருக்கு வந்த இந்த லைனிங்கை யாரும் சொகுசு என்று சொல்லவில்லை. அன்றைக்கு டிக்ஃபோர்ட் வண்டிக்கு வரி போட்ட அதே நாடுதான் இது!

தகடு எப்படி வாயை மூடுகிறது

சட்டம் சரி, விஞ்ஞானம் எங்கே இருந்து வந்தது? இரண்டு பேரைச் சொல்லணும். ஹெர்மன் ஓபர்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1952ல் ஒரு கட்டுரை எழுதினார். மெல்லிய தகட்டின் மேல் பிசின் போன்ற பொருளைப் பூசினால், தகடு அதிரும்போது அந்தப் பூச்சும் கூடவே இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றி விழுங்கிவிடும் என்பதை அளந்து காட்டினார். வெண்கல மணியைக் கையால் பிடித்தால் ஓசை நின்றுபோவது மாதிரி. அடுத்து 1959ல் அமெரிக்காவின் எட்வர்ட் கெர்வின், அந்தப் பிசினுக்கு மேலே இன்னொரு மெல்லிய தகட்டை ஒட்டினால் நடுவில் சிக்கிய பிசின் அறுபடுகிற மாதிரி இழுபட்டு இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று கணக்குப் போட்டார். இன்னைக்குக் கடையில் சுருளாக விற்கும் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட் எல்லாம் கெர்வின் கணக்கின் பிள்ளைகள்தான்.

ஒன்றைக் குழப்பிக்கக் கூடாது. அதிர்வை அடக்குவது ஒரு வேலை, சத்தத்தைத் தடுப்பது இரண்டாவது, உள்ளே வந்த சத்தத்தை உறிஞ்சுவது மூன்றாவது. பியூட்டைல் முதல் வேலைக்கு. கனமான ரப்பர் பாய் இரண்டாவதுக்கு. பஞ்சு, ஃபெல்ட், நுரை எல்லாம் மூன்றாவதுக்கு. ஒன்றை வாங்கி மூன்றையும் எதிர்பார்த்தால் காசு போகும், சத்தம் போகாது.

இதைவிட முக்கியம் ஓட்டை. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதியை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கியர் லீவரைச் சுற்றிக் கிழிஞ்ச ரப்பர், கதவு ஓரத்தில் காய்ஞ்சுபோன பீடிங், தரையில் விட்டுப்போன போல்ட் துளை... இதையெல்லாம் அடைக்காமல் ஆயிரக்கணக்கில் ஷீட் வாங்குவது, வாளியில் ஓட்டையை வச்சுக்கிட்டு பெரிய மோட்டார் வாங்குறதுக்குச் சமம்.

நுரை உதிரும் காலம்

1970ல் ரேஞ்ச் ரோவர் வந்தது. ஸ்பென் கிங் தலைமையில் செய்த வண்டி, 3528 சிசி வி8 எஞ்சின், விலை 1,998 பவுண்டு. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள் என்ற பெருமை வேறு. ஆனால் முதல் வண்டிகளின் உள்ளே பிளாஸ்டிக் இருக்கை, தரையில் ரப்பர் விரிப்பு. ஹோஸ் பைப்பை வைத்துக் கழுவலாம். விவசாயிதான் வாங்குவான் என்று நினைத்தார்கள். வாங்கியவர்கள் பலர் நகரத்துக்காரர்கள். 1981ல் நாலு கதவு, பிறகு கம்பளம், தோல், மரப்பட்டை என்று வண்டி மாறிக்கொண்டே போனது. 1980களின் முடிவில் கியர் பல் கடிக்கிற பழைய டிரான்ஸ்ஃபர் பாக்ஸை எடுத்துவிட்டுச் சங்கிலியில் ஓடுகிற ஒன்றை வைத்தார்கள், சத்தம் குறைந்தது.

அந்தக் காலகட்டத்தில் எல்லாக் கார் கம்பெனிகளும் உள்கூரை செய்யும் முறையை மாற்றிக்கொண்டிருந்தன. அதற்கு முன் தையற்காரர் வேலை. துணியையோ ரெக்ஸினையோ பட்டை பட்டையாகத் தைத்து, கம்பிகளில் கோத்து, ஓரத்தை இழுத்து ஒட்டுவார்கள். கை தேர்ந்த ஆள் வேண்டும். புது முறையில் அச்சில் வார்த்த ஒரு பலகை, அதன்மேல் சில மில்லிமீட்டர் நுரை, அதன்மேல் துணி. தொழிற்சாலையில் ஒரே நொடியில் மாட்டிவிடலாம்.

அந்த நுரைதான் வில்லன். பாலியூரித்தேன் என்ற இந்தப் பொருளை 1937ல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரின் குழு கண்டுபிடித்தது. மெத்தை முதல் செருப்பு வரை உலகத்தையே நிரப்பிய அற்புதப் பொருள். ஆனால் அதற்கு ஆயுசு உண்டு. ஒரு வகை ஈரத்தில் கெடும், இன்னொரு வகை வெளிச்சத்திலும் காற்றிலும் கெடும். இருபது முப்பது வருட வெயிலுக்குப் பிறகு விரல் வைத்தால் பழுப்புத் தூளாக உதிரும். துணிக்குப் பிடிமானம் போய்விடும். அப்புறம் அது கல்யாணப் பந்தல் மாதிரி தொங்கி ஓட்டுகிறவர் தலையைத் தடவிக்கொடுக்கும். 1960களின் நுரை நாற்காலிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இதே தலைவலிதான். ஆகவே தொங்குவதற்குக் காரணம் பசை அல்ல. துணியைக் கிழிக்காமல் ஊசி வழியாகப் பசை ஏற்றுவது, குண்டூசி குத்துவது எல்லாம் ஒரு கோடைக்குத்தான் தாங்கும். ஒட்டுவதற்குக் கீழே பிடிமானமே இல்லையே!

மாற்றுவது எப்படி (சுருக்கமாக)

1. முதலில் கூரை மேல் தண்ணீர் பீய்ச்சி, எங்கே ஒழுகுது என்று பாருங்கள். லேண்ட் ரோவரில் கூரை ஓரத்துச் சின்னக் கண்ணாடிகளின் ரப்பர் முதல் குற்றவாளி. ஒழுகலை நிறுத்தாமல் லைனிங் மாட்டினால், அது ஈரத்துணியால் மூடிய புண்.

2. கைப்பிடி, சன் வைசர், விளக்கு, தூண்களின் உறை எல்லாம் கழற்றினால் பலகை இறங்கும். வளைக்காமல் பின்கதவு வழியாக வெளியே எடுக்கணும். உடைந்தால் அந்தப் பலகை கிடைப்பது கஷ்டம்.

3. துணியை உரித்து, நுரைத் தூளை மென்மையான பிரஷ்ஷால் முழுசாகத் தேய்த்து எடுக்கணும். முகமூடி கட்டாயம். பாதி வேலை இதுதான், பொறுமை இல்லாதவர்கள் தோற்பதும் இங்கேதான்.

4. புதுத் துணியும் நுரை ஒட்டியதாக இருக்கட்டும். பசை, சூடு தாங்கும் ரகம். மூடிய வண்டியின் கூரை வெயிலில் 70 டிகிரியைத் தொடும், சாதாப் பசை இளகிவிடும். பலகை, துணி இரண்டிலும் தடவி, ஈரம் போய்க் கையில் லேசாக ஒட்டும் பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவணும். ஒரேயடியாகப் போர்த்தாதீங்க, பாதி பாதியாக.

5. பலகை வெளியே இருக்கும்போதே கூரைத் தகட்டில் பியூட்டைல் ஷீட் ஒட்டிவிடலாம். முழுக்க மூடத் தேவையில்லை. ஒவ்வொரு பலகத்தின் நடுவிலும் கால் பங்கு மூடினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

6. பழைய சீரிஸ் வண்டியில் தரைப் பலகங்களைக் கழற்றித்தான் கியர் பாக்ஸையே வெளியே தூக்கணும். ஆகவே ஒவ்வொரு பலகத்துக்கும் தனித்தனியாக வெட்டி ஒட்டுங்கள். ஒரே பாயாக ஒட்டினால் அடுத்த மெக்கானிக் உங்களைத் திட்டுவது எந்த இன்சுலேஷனையும் தாண்டிக் கேட்கும்.

7. தரையில் தண்ணீர் குடிக்கும் பஞ்சும் ஃபெல்ட்டும் வேண்டாம். அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்துப்போகும், இரும்புச் சட்டம் மறைவில் துருப்பிடிக்கும். அமைதிக்காக ஒட்டினது வண்டியையே தின்னும்.

8. பழைய காலத்துச் சில பூச்சுகளிலும் பட்டைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பிரிட்டன் அதை முழுசாகத் தடை செய்ததே 1999ல்தான். என்னன்னு தெரியாத சாம்பல் நிறப் பட்டையைச் சுரண்டாதீர்கள், சோதித்த பிறகு தொடுங்கள்.

எதை விட்டுவைப்பது?

கடைசியாக ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. இப்படி எல்லாவற்றையும் மாற்றி அமைதியாக்கிவிட்டால், அது அதே வண்டிதானா?

2018ல், லேண்ட் ரோவரின் 70வது வருடத்தில், 1948 ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குப் போன வண்டிகளில் ஒன்று சோலிஹல் தொழிற்சாலைக்குச் சில மைல் தூரத்தில் ஒரு தோட்டத்தில் கிடப்பது தெரியவந்தது. கம்பெனி அதைப் புதுசாக்கி மினுக்க நினைக்கவில்லை. பழைய பச்சைப் பெயின்ட்டையும் தேய்மானத்தையும் காப்பாற்றியே சரிசெய்வதாக அறிவித்தது. அபூர்வ வண்டிக்கு அது சரி. ஆனால் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு? சத்தமும் சரித்திரம்தான் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அந்தச் சத்தத்தில் பங்கீட்டு அலுமினியமும் இருக்கிறது, வரிப்புத்தகமும் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டே காது போன டிராக்டர்காரரிடம் போய் இது பாரம்பரியம் ஐயா என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் நடுவழி ஒன்று. திரும்பக் கழற்ற முடிகிற மாதிரி வேலை செய்யுங்கள். பிரிக்கும்போது படம் எடுங்கள். பழைய துணியில் உள்ளங்கை அளவு வெட்டி, எந்த வண்டி, எந்த வருடம் என்று எழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். பின்னாடி இந்த வண்டியை வாங்குகிறவருக்கு அது ஒன்றே போதும், முன்னே எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள.

டிஸ்கி: உங்க தாத்தாவோ அப்பாவோ ஜீப்போ லேண்ட் ரோவரோ ஓட்டியிருந்தால், அவர் சத்தமா பேசுறவரா, டிவி சவுண்டைக் கூட்டி வைக்கிறவரா என்று பின்னூட்டத்தில் சொல்லுங்க. ஒரு சந்தேகத்துக்குத்தான் கேட்கிறேன்.